காற்று எங்கே நுழைந்தது?

பவானியில் கார் பட்டறைக்கு வருகிற யாரும் "என்ஜின் லீனா ஓடுதுங்க" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "வண்டி இழுக்க மாட்டீங்குதுங்க" என்பார்கள். "சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிருதுங்க" என்பார்கள். "காலைல எடுத்தா வெட்டி வெட்டி ஓடுது, சூடானா சரியாயிருதுங்ணா" என்பார் இன்னொருவர். மேட்டூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அந்த மெக்கானிக், இந்த மூன்று பேச்சையும் பையனாக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டு வருகிறார். மூன்றுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். என்ஜினுக்குள் பெட்ரோல் குறைவாகப் போகிறது, அல்லது கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ நுழைகிறது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். முழு வேகத்தில் இழுக்க வேண்டுமானால் பெட்ரோல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக, 12.5-க்கு ஒன்று, 13-க்கு ஒன்று என்று இருக்க வேண்டும். காற்றின் பங்கு 16, 17 என்று ஏறிக்கொண்டே போனால் தீ மெதுவாகப் பரவும், சில சமயம் பற்றாமலே போகும். அப்போதுதான் வண்டி இருமும், ஜெர்க் அடிக்கும், ஏற்றத்தில் திணறும். இதுதான் லீன். கேட்க எளிதாக இருக்கிறது. கண்டுபிடிக்கும்போதுதான் கஷ்டம், ஏனென்றால் லீன் என்பது நோய் அல்ல, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி.

அவர் தொழிலுக்கு வந்தது 1980-களின் கடைசியில். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 அப்போதுதான் பவானி, குமாரபாளையம் பக்கம் பரவலாகத் தென்பட ஆரம்பித்திருந்தது. ஜவுளிக்காரர்களும் மஞ்சள் மண்டிக்காரர்களும் அம்பாசிடரை விட்டுவிட்டு அதற்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பட்டறையின் பெரிய மேஸ்திரி கோவையில் பஸ் ஒர்க்‌ஷாப்பில் தொழில் படித்தவர். கொங்கு நாட்டில் அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் பலருக்கும் அப்படியொரு பின்னணி உண்டு. ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கி, பின்னர் அதைப் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்த்தார். அதன் பிறகு கோவை வட்டாரத்தில் என்ஜினைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. பாகத்தை மாற்றுவதற்கு முன்னால் காரணத்தைத் தேடு என்பது அவர்களிடம் ஊறிப்போன பழக்கம். வெளியூரிலிருந்து ஸ்பேர் வர நாட்கணக்காகும் காலம் அது. ஒன்றை மாற்றிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் இன்னொன்றை மாற்றலாம் என்ற வசதி யாருக்கும் கிடையாது.

ஒரு நாள் காலை ஒரு மாருதி 800 வந்தது. ஐடிலிங் நிற்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி செத்து, அப்புறம் எழுகிறது. கார்பரேட்டரைக் கழற்றி ஜெட் அடைப்பெடுக்கப் பையன்கள் தயாராக நின்றார்கள். மேஸ்திரி பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டார். அப்புறம், காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டும் சோக்கின் குமிழை, டேஷ்போர்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார். பாதி வந்ததும் என்ஜின் சத்தம் ஒரே சீராகிவிட்டது. குமிழை உள்ளே தள்ளினார், மறுபடி தடுமாறியது. "பாத்துக்கங்க தம்பி. சூடான என்ஜினுக்குச் சோக் போட்டா அடைச்சுக்கிட்டு நின்னுபோகோணும். இது சோக் கேக்குது. அப்படின்னா பெட்ரோல் பத்தல, இல்லாட்டி காத்து அதிகம். இனி இந்த ரெண்டுல எதுன்னு பாக்கலாம்."

அதற்கப்புறம்தான் பானெட் திறந்தது. ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர், மூடியில் ஊசி ஓட்டை. கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் இருக்கும் பேக்கிங் ஓரமாகவே தண்ணீரைப் பீச்சிக்கொண்டு போனார். ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் சடக்கென்று உள்ளே இழுக்கப்பட்டது. அந்தக் கணம் என்ஜின் ஓசை மாறியது. தண்ணீர் விரிசலை ஒரு நொடி அடைத்தது, காற்று நின்றது, கலவை சரியானது. கழற்றிப் பார்த்தபோது பேக்கிங்கின் ஒரு மூலை கருகி, நகத்தால் தொட்டாலே உதிர்ந்தது. புது பேக்கிங் வெட்டிப் போட்டதும் வண்டி கிளம்பிப் போய்விட்டது. கார்பரேட்டரின் உள்ளே யாரும் கை வைக்கவில்லை.

பல பட்டறைகளில் இதே வேலைக்குக் கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பார்கள். அதுவும் காற்றோட்டையைக் காட்டும், ஆனால் சூடான சைலன்ஸர் மேனிஃபோல்டு பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ப்ரே பற்றிக்கொண்டால் கை, முகம் எல்லாம் போய்விடும். தண்ணீர் போதும் என்று மேஸ்திரி சொன்னதை இந்த மெக்கானிக் இன்றும் மாற்றவில்லை.

பிளக்கைப் படிக்கக் கற்றதும் அந்தக் காலத்தில்தான். பிளக் முனையில் இருக்கும் பீங்கான், இளம் பழுப்பில் இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப்போய், சில சமயம் சின்னச் சின்னக் கொப்புளங்களோடு இருந்தால் லீன். கார் ரேஸில் இதை ஒரு கலையாகவே வைத்திருந்தார்கள். முழு வேகத்தில் வரும்போதே இக்னிஷனை அணைத்து, கிளட்சை மிதித்து, உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். ஐடிலிங்கில் ஓடிப் படிந்த நிறம் இருந்தால் உண்மை மறைந்துவிடும் என்பதால் அப்படி. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 என்ஜினையே வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டியபோது, ஊரில் தினமும் மார்க்கெட்டுக்குப் போய்வரும் என்ஜினும் ரேஸ் என்ஜினும் ஒன்றாகிவிட்டன. சோழவரத்தில் பேசப்பட்ட டியூனிங் பேச்சு ஈரோடு, பவானி பட்டறைகள்வரை வந்து சேர்ந்தது. கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பிளக் நிறத்தை நம்பி வளர்ந்தவர்களுக்கு 2000-ல் ஒரு சிக்கல் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல்தான். ஈயம் இருந்தபோது பிளக்கில் படிந்த பழுப்பு இப்போது படிவதில்லை. நல்ல கலவையில் ஓடும் என்ஜினின் பிளக்கும் வெளுப்பாகவே வந்தது. அதைப் பார்த்து லீன் என்று நினைத்து ஸ்க்ரூவைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டியவர்கள் உண்டு. மைலேஜ் போனதுதான் மிச்சம். இந்த மெக்கானிக் அப்போதே நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதை விட்டுவிட்டார். பிளக், சோக், தண்ணீர் மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால்தான் ஸ்பேனரைக் கையில் எடுப்பார்.

ஊட்டி வண்டிகள் தனி ரகம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றே அடர்த்தி குறைவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது, கீழே கொடுத்த பெட்ரோலையே அங்கேயும் கொடுக்கும். அதனால் மலையில் கரும்புகை. அதைத் தவிர்க்க அங்கே சிறிய ஜெட் போட்டு ஓட்டுவார்கள். அந்த வண்டியைக் கீழ்நாட்டுக்காரர் ஒருவர் வாங்கி பவானிக்கு ஓட்டி வருவார், கூடுதுறையைத் தாண்டுவதற்குள் வண்டி சூடேறி இழுக்காமல் நிற்கும். எந்தப் பாகமும் கெட்டிருக்காது. மலைக்கு வைத்த அளவு சமவெளிக்குப் பற்றாது, அவ்வளவுதான். பழைய வண்டியை வாங்கி வந்தவரிடம் "எந்த ஊர் வண்டிங்க?" என்று முதல் கேள்வி கேட்கும் பழக்கம் அவருக்கு இப்படித்தான் வந்தது.

அப்புறம் கேஸ் வண்டிகள். ஜமக்காளக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் ஓடிய ஆம்னிகளில் பலவற்றுக்கு எல்.பி.ஜி. கிட் மாட்டியிருந்தார்கள். பழைய வகைக் கிட்டில் கார்பரேட்டருக்கு மேலே மிக்ஸர் உட்காரும். அதில் கேஸ் குறைவாக வைத்தால் மைலேஜ் கிடைக்கும் என்று சிலர் ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டே போவார்கள். மெதுவாக எரியும் கலவை, அடுத்த முறை இன்டேக் வால்வு திறக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். தீ பின்னோக்கிப் பாயும், பட்டென்று ஏர் ஃபில்டர் டப்பா பிளக்கும். அந்த வெடிச் சத்தத்தைக் கேட்டுத் தெருவே திரும்பிப் பார்த்ததை அவர் மறக்கவில்லை. டப்பா பிளந்தது கண்ணுக்குத் தெரியும். உள்ளே எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் வெந்து தேய்ந்துகொண்டிருப்பது தெரியாது. அது தெரியும் நாளில் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

லீனாக ஓடினால் பெட்ரோல் மிச்சம் என்ற எண்ணம் இன்றைக்கும் இருக்கிறது. அதை இங்கே நேராகச் சொல்லிவிட வேண்டும். கம்பெனியே அதற்கென்று வடிவமைத்த என்ஜினில் அது சரி. சாதாரண என்ஜினில், காற்றோட்டையால் வந்த லீன் எதையும் மிச்சப்படுத்தாது. இழுக்காத வண்டியை மனிதன் கூடுதலாக மிதிப்பான், கீழ் கியரிலேயே ஓட்டுவான். என்ஜின் நாக் அடிக்கும். வால்வும் பிஸ்டனும் தாங்க வேண்டியதற்கு மேல் சூட்டைத் தாங்கும்.

2000-ஐ ஒட்டி, கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீச்சும் எம்.பி.எஃப்.ஐ. என்ஜின்கள் வந்தன. சோக் குமிழ் போய்விட்டது, அந்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. சைலன்ஸர் குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்ஸிஜன் சென்ஸார்தான் அதற்குக் கண். பாஷ் நிறுவனத்தின் இந்தச் சென்ஸார் முதன்முதலில் வோல்வோ கார்களில் வந்தது 1976-ல். சாதாரண வகைச் சென்ஸாரில், புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சியிருந்தால் மின்னழுத்தம் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும், பெட்ரோல் அதிகமானால் 0.9 பக்கம் ஏறும். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். எவ்வளவு கூட்டியது என்ற சதவீதக் கணக்குத்தான் ஃபியூயல் டிரிம். அது கூட்டல் 5, கழித்தல் 5 என்று இருந்தால் கவலையில்லை. கூட்டல் 20, 25 என்று ஏறிப் போய், இனி என்னால் முடியாது என்று கம்ப்யூட்டர் கைவிடும்போது செக் என்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனரைச் செருகினால் பி 0171 என்ற கோடு வரும். இந்தியாவில் 2010 ஏப்ரலிலிருந்து கார் தன் கோளாறைத் தானே பதிவுசெய்யும் ஓ.பி.டி. முறையின் முதல் கட்டமும், 2013 ஏப்ரலிலிருந்து இரண்டாம் கட்டமும் கட்டாயமானதால், அதற்குப் பின் வந்த கார்களில் இதைப் படிப்பது எளிது.

படிப்பது எளிதானதால் ஒரு கெடுதலும் வந்தது. அப்படி ஒரு கார் அவரிடம் வந்தது. வேறோர் இடத்தில் அந்தக் கோடைப் பார்த்துவிட்டு, சென்ஸார்தானே சொல்கிறது, சென்ஸாரை மாற்றிவிடலாம் என்று மாற்றியிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் செலவு. ஒரு வாரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. திருட்டைச் சொல்ல வந்தவனையே பிடித்து அடைத்த கதைதான் இது.

அவர் ஸ்கேனரை மாட்டினார். கோடைப் பார்த்ததும் நகர்ந்துவிடாமல், டிரிம் பக்கத்தைத் திறந்து வைத்தார். ஐடிலிங்கில் கூட்டல் 21. ஆக்ஸிலேட்டரை 2,500 சுற்றில் பிடிக்கச் சொன்னார், கூட்டல் 5-க்கு இறங்கியது. இந்த இரண்டு எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. ஐடிலிங்கில் என்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான், அதில் ஓட்டை வழி வரும் காற்று பெரிய பங்கு. வேகம் கூடினால் மொத்தக் காற்று பல மடங்காகும், அதே ஓட்டை அப்போது ஒரு பொருட்டே இல்லை. பெட்ரோல் பற்றாக்குறையாக இருந்தால் நிலைமை தலைகீழாக இருந்திருக்கும்.

அடுத்து, முனையில் துணி சுற்றிய பிளையரை எடுத்து, மேனிஃபோல்டிலிருந்து பிரியும் ஒவ்வொரு ரப்பர் குழாயாக நெருக்கிப் பிடித்துக்கொண்டே போனார். பையன் ஸ்கேனரைப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தான். பிரேக் பூஸ்டர் குழாய், மாற்றமில்லை. பெட்ரோல் ஆவி போகும் குழாய், மாற்றமில்லை. என்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி இன்டேக்குக்குத் திருப்பும் பி.சி.வி. வால்வுக்குப் போகும் குழாயை நெருக்கியதும் "எறங்குதுங்ணா, எறங்குது" என்றான் பையன். மேலே பார்த்தால் குழாய் புதுசு போலத்தான் இருந்தது. கையை அடியில் விட்டுத் தடவினால், முழங்கை போல வளையும் இடத்தில் ஆயில் ஊறி ரப்பர் களிம்பாகிப் பிளந்திருந்தது. சில நூறு ரூபாய்க் குழாய். அவர் அந்தப் பழைய குழாயை ஆணியில் மாட்டி வைத்தார், பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்கள் தொட்டுப் பார்க்கட்டும் என்று.

எதிர்ப்பக்கத்துக் கதையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது பர்கூர் மலை. அந்தியூரைத் தாண்டி, வரட்டுப்பள்ளம் அணையைக் கடந்து மலையேறும் பாதையில் தாமரைக்கரை வழியாகப் பர்கூருக்கு அடிக்கடி போய்வரும் மாட்டு வியாபாரி ஒருவரின் கார். ஊருக்குள் எந்தக் குறையும் இல்லை, ஐடிலிங் அழகு. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மட்டும் திணறி, விளக்கு எரிகிறது. பட்டறையில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும். ஆகவே பெட்ரோல் லைனில் ஒரு பிரஷர் கேஜை இணைத்து, குழாயை பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கேஜைக் கண்ணாடிக்கு வெளியே வைப்பரின் கீழ் இறுக்கி, வண்டியை அந்தியூர் ரோட்டில் விட்டார். சமவெளியில் முள் 3 பாரிலேயே நின்றது. ஏற்றத்தில் முழுசாக மிதித்ததும் முள் மெல்ல இறங்கி 2-ஐத் தொட்டது. காற்று சரி, பெட்ரோல்தான் பற்றவில்லை. டேங்குக்குள் இருக்கும் பம்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் இருந்த வலை முழுக்க அழுக்கு சேறு போல அப்பியிருந்தது. மெதுவாகப் போகும்போது அந்த வலை வழி வருவது போதும், மலையேறும்போது போதாது. கேஜ் இல்லாமல் இதைப் பிடித்திருக்க முடியாது என்று அவர் அழுத்திச் சொல்கிறார்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஏமாற்றும் வகைகளும் உண்டு. சென்ஸாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு மெல்லிய விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், சென்ஸார் அதையும் லீன் என்றே சொல்லும். ஒரு பிளக் சரியாக அடிக்காவிட்டால், எரியாத காற்று அப்படியே வெளியே வரும், அதுவும் லீன்தான். சென்ஸாருக்கு எரியாத பெட்ரோல் தெரியாது, ஆக்ஸிஜன் மட்டுமே தெரியும். காற்றை நேரடியாக அளக்கும் சென்ஸார் உள்ள கார்களில்தான் குழாய் ஓட்டை இவ்வளவு தெளிவாக லீன் என்று காட்டும். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார்கள் நம் ஊரில் ஏராளம். அவற்றில் அதே ஓட்டை பல நேரம் லீன் கோடே தராமல், ஐடிலிங்கை மட்டும் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரே முறையை எல்லா வண்டிக்கும் பயன்படுத்தினால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

இப்போது புதிதாக ஒரு விஷயம் சேர்ந்திருக்கிறது, எத்தனால். 2022 ஜூனில் நாடு சராசரியாக 10 சதவீதக் கலப்பை எட்டியது, 2025-ல் 20. கரும்புக்காட்டுக்கும் ஆப்பக்கூடல் சர்க்கரை ஆலைக்கும் பக்கத்தில் வாழும் பவானிக்காரர்களுக்கு எத்தனால் அந்நியமான சரக்கு அல்ல. ஆனால் என்ஜின் கணக்கு மாறுகிறது. எத்தனால் எரிய 9 பங்கு காற்றே போதும். 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குச் சரியான அளவு 14.7 அல்ல, சுமார் 13.5. அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். சென்ஸார் உள்ள கார் அதைத் தானே கூட்டிக்கொள்ளும். கார்பரேட்டர் வண்டி கூட்டாது. யாரும் தொடாமலே அது லீனாகிவிடும். இன்னும் ஆசையோடு பழைய 800-ஐயும் பத்மினியையும் வைத்திருப்பவர்கள் ஜெட் அளவைப் பார்த்தாக வேண்டும், பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றியாக வேண்டும். வண்டியை மாதக்கணக்கில் அசையாமல் நிறுத்துபவர்களும் கவனிக்க வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் சேர்ந்தால் தனியே பிரிந்து டேங்க் அடியில் தங்கும்.

ஏற்கெனவே டிரிம் கூட்டல் 12, 13 என்று விளக்கு எரியாமல் ஓடிக்கொண்டிருந்த கார்கள், புதுப் பெட்ரோல் சேர்ந்ததும் எல்லையைத் தாண்டி விளக்கு எரியும் நிலைக்கு வந்திருப்பதை அவர் பார்க்கிறார். வந்தவர்கள் பெட்ரோலைத் திட்டுகிறார்கள். திறந்து பார்த்தால் பல நேரம் பழைய ஓட்டை ஒன்று ஏற்கெனவே அங்கே இருந்திருக்கிறது.

கார் வைத்திருப்பவர்களிடம் அவர் கேட்டுக்கொள்வது இதுதான்: செக் என்ஜின் விளக்கு எரிந்து பட்டறைக்குப் போனால், கோடு எண்ணோடு திருப்தியாகாதீர்கள். ஐடிலிங்கில் டிரிம் எவ்வளவு, 2,500 சுற்றில் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆக்ஸிஜன் சென்ஸாரை மாற்ற வேண்டும் என்று சொன்னால், அதுதான் கெட்டது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். வேலை முடிந்த பிறகு அதே இரண்டு எண்களையும் மறுபடி காட்டச் சொல்லுங்கள். அவை இறங்கியிருந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.